பயிற்றுநருக்கு ஓர் ஓலை

பிற்காலத் தமிழ்ப் புலவர்கள் வள்ளல்களை நேரிற் சென்று காண இயலாதவிடத்து, தம்மை இன்னாரென அறிவித்துத் தமக்கு வேண்டுவதைச் செய்யுளாக்கி ஓலையில் வரைந்து அனுப்புவதுண்டு. அதனைச் சீட்டுக்கவி என்பர். அதன்கண் மூன்று கூறுகள் அமைந்திருக்கும். எழுதுவோன் யாவன் என்பது ஒன்று; எழுதப்படுவோன் யாவன் என்பது மற்றொன்று; வேண்டுவது யாது என்பது மூன்றாவது. இன்று நம் கல்லூரி மைதானத்தில் ஓடியும் பாய்ந்தும் பயின்ற மாணவனொருவன், கடல் கடந்த பல்கலைக்கழகமொன்றின் விளையாட்டுப் பயிற்றுநருக்கு எழுதும் மடலும் இவ்வினத்ததே. மூன்று கூறுகளும் அதற்கும் வேண்டும்.

விழா மலரொன்றில் இப்பொருளைப் பற்றி எழுதுவது எற்றுக்கெனச் சிலர் வினவலாம். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவந்ததும், ஆண்டுதோறும் இரண்டொரு மாணவர் ஆசிரியர் அறைக்கு வந்து, “சேர், அமெரிக்காவிலை விளையாட்டுக்காகவே எடுத்துப் படிப்பிக்கினமாம். ஆருக்கு, எப்படி எழுதுறது?” என்று கேட்பதை நாம் காண்கிறோம். மடல் வரையப் பழக்குதல் தமிழாசிரியர் தொழிலாதலின் அவ்வினா எம்மிடமே வருகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் பெற்றோர் பலர்க்கு இத்துறை புதிது. அவர்கட்கு வழிகாட்ட வல்ல பழைய மாணவர் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். இரு திறத்தாரும் ஒருங்கே படிக்கும் ஏடு இம்மலராதலின், ஈண்டு இதனை விளக்கப் புகுந்தோம். மாணவனென்று நாம் கூறுவன யாவும் மாணவிக்கும் பொருந்தும்.

பயிற்றுநர் ஏன் ஆள் தேடுகிறார்?

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதலில் அனுமதி, பின்னரே அணி. உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியால் இடம் பெற்றோருள் யார் ஓடுவார், யார் பந்து உதைப்பார் என்று பின்னர்த் தேடுவர். ஐக்கிய அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பயிற்றுநர் என்பவர் பல்கலைக்கழகத்தின் முழுநேர அலுவலர். பயிற்றுவித்தல் அவர் கடமையின் ஒரு பாதி. அடுத்த ஆண்டுகளுக்கு வேண்டிய மாணவரைத் தேடிச் சேர்த்தல் மறு பாதி. தமக்கு வேண்டிய மாணவனை அனுமதிப் பகுதிக்குப் பரிந்துரைக்கவும், தம் அணிக்கென ஒதுக்கிய புலமைப்பரிசிலைப் பகிர்ந்தளிக்கவும் அவர்க்கு அதிகாரம் உண்டு. எனவே நம் மாணவன் எழுதும் மடல் இரவலன் புரவலனுக்கு எழுதுவது போலத் தோன்றினும், உண்மையில் இருவரும் ஒருவரை ஒருவர் தேடுவோரே. இதனை உணர்ந்தவன் எழுத்தில் தாழ்ச்சியும் வாராது, செருக்கும் வாராது.

அமெரிக்காவின் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1906ஆம் ஆண்டு தோன்றியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதன்கண் மூன்று பிரிவுகளாக அமைந்துள்ளன. முதற் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் உண்டு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கெனப் பரிசில் இல்லை. ஆயினும் கல்வித் திறமைக்கும் குடும்பத்தின் பொருள் நிலைக்கும் ஏற்ப உதவி வழங்குவோர் அங்கே பலர். ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்ரன் முதலிய எட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் முதற் பிரிவினவாயினும், விளையாட்டுக்கெனப் பரிசில் அளிப்பதில்லை. ஆதலின் பெரிய பெயரை நாடி எழுதுவோன் பரிசிலையும் அங்கே எதிர்பார்த்தல் ஆகாது.

எல்லா விளையாட்டுக்கும் இவ்வழி திறந்திருப்பதன்று. நம் மாணவர் உயிரெனப் போற்றும் துடுப்பாட்டம் அச்சங்கத்தின் போட்டிகளுள் இல்லை. மாணவியரின் வலைப்பந்தாட்டமும் இல்லை. மெய்வல்லுநர் நிகழ்ச்சிகள், நீச்சல், உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், ரெனிஸ், கோல்ஃப் ஆகியன உண்டு. ஆடவர் கரப்பந்தாட்டம் சில கல்லூரிகளிலேயே உண்டு. துடுப்பாட்டத்திற் சிறந்தோர் இங்கிலாந்தை நோக்குவதே தக்கது. டர்ஹம், லவ்பரோ ஆகிய பல்கலைக்கழகங்கள் அத்துறையிற் பேர்பெற்றவை. சதுரங்கம் அமெரிக்கச் சங்கத்தின் வரம்புக்குப் புறம்பானதாயினும், டலஸ் நகர்ப் பகுதியிலுள்ள ரெக்சஸ் பல்கலைக்கழகம் போன்ற சில, சதுரங்க வீரர்க்கெனப் புலமைப்பரிசில் வழங்குகின்றன. நம் கல்லூரிச் சதுரங்க வீரர் இதனை அறிந்திருத்தல் நன்று.

முன்னோர் சென்ற வழி

இவ்வழி நம்மவர்க்கு முற்றிலும் புதிதன்று. கண்டித் திரித்துவக் கல்லூரி மாணவரான டங்கன் வைற், 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கை கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. பின்னர் அவர் இங்கிலாந்தின் லவ்பரோக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார்.

தமிழ் மாணவர்க்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மைந்தரான அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பிற் பங்குபற்றியபோது பதினெட்டு வயதும் நிரம்பாதவர். 1956இல் மெல்போர்ண் ஒலிம்பிக்கிலும் பாய்ந்தார். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதற் றங்கம் அதுவே. 1962இல் யக்கார்த்தாவில் வெள்ளியும் பெற்றார். இவ்வீரர் பட்டப்படிப்பு மேற்கொண்டது லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில். பின்னர்க் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவரை உயர்த்தியது பாய்ச்சல் மட்டுமன்று. பாய்ச்சல் கதவைத் திறந்தது. உள்ளே சென்று கற்றது அவர் அறிவு.

அதே லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில், டிரேக் என்னும் பயிற்றுநரிடம், அமெரிக்கரான ரேஃபர் ஜோன்சனும் தாய்வான் நாட்டவரான யாங் சுவான் குவாங்கும் ஒருங்கே பயின்றனர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பத்து நிகழ்ச்சிப் போட்டியில் ஒருவர் தங்கமும் மற்றவர் வெள்ளியும் பெற்றனர். ஆசிய மாணவனைத் தம் மாணவனாக ஏற்றுப் பழகிய பயிற்றுநர் அங்கே நெடுங்காலமாக உளர் என்பதற்கு இது சான்று.

காலம் அறிதல்

இம்முயற்சியில் நம் மாணவர் பலர் தவறுவது காலத்திலேயாம். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, பெறுபேறும் வந்து, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிட்டாதென்று தெரிந்த பின்னரே வெளிநாட்டுப் பயிற்றுநரை நினைக்கின்றனர். அப்போது அவ்வாண்டுக்குரிய இடமும் பரிசிலும் முன்னரே பகிரப்பட்டிருக்கும்.

அமெரிக்க விதிப்படி, முதற் பிரிவில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு, மாணவன் 10ஆம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15ஆம் நாளுக்குப் பின்னரே பயிற்றுநர் அவனோடு நேரே மடற்றொடர்பு கொள்ளலாம். சில விளையாட்டுகளுக்கு நாள் வேறுபடும். மாணவன் எழுதுவதற்கோ தடையில்லை, எந்நாளும் எழுதலாம். ஆனால் அந்நாளுக்கு முன் எழுதியவனுக்கு விவரக் கொத்தோ பயிற்சி முகாம் அறிவித்தலோ மட்டுமே விடையாக வரும். இதனை அறியாத மாணவன், தன்னைப் புறக்கணித்தனரென எண்ணி மனம் தளர்வான். நம் நாட்டுக் கணக்கில், சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஆண்டிலேயே முதன்மடலை வரைந்து, 12ஆம் தரத்திற் றொடர்பை வளர்த்து, 13ஆம் தரத்தில் முடிவு காண்பது தக்க ஒழுங்காகும்.

மற்றொன்றும் உளது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் நெடுங்காலம் காத்திருந்து, அக்காலத்தில் ஒழுங்கமைந்த போட்டிகளிலும் ஆடி வந்தால், பல்கலைக்கழகத்தில் ஆடுதற்குரிய ஆண்டுகள் குறையக்கூடும். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே நெடிய இடைவெளி விழுவது நம் நாட்டு வழக்கமாதலின், நம் மாணவர்க்கு இது பெரிய ஆபத்து. இவ்விதிகள் அடிக்கடி திருத்தப்படுவன. ஆகவே எழுதும் ஆண்டில் அச்சங்கத்தின் தகுதி நிலையம் வெளியிடும் கையேட்டைப் பார்த்தே நடத்தல் வேண்டும்.

படிப்பை மறவாமை

விளையாட்டுக்காக எடுப்பர் என்பதைப் படிப்பின்றி எடுப்பர் எனப் பொருள் கொள்வது பெரும் பிழை. முதற் பிரிவிலோ இரண்டாம் பிரிவிலோ ஆட விரும்பும் மாணவன், தகுதி நிலையத்திற் பதிவு செய்து கல்வித் தகுதியை நிறுவ வேண்டும். வெளிநாட்டு மாணவர் 9ஆம் தரம் முதலான பாடசாலைப் புள்ளிப் பதிவுகளையும் பொதுப் பரீட்சைப் பெறுபேறுகளையும் காட்டல் வேண்டும். தமிழ் மொழியில் அமைந்த பதிவுகட்கு உறுதிப்படுத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். தவணைப் புள்ளி அட்டையைப் பெற்றோர் கையொப்பத்துக்குப் பின் எங்கோ போட்டுவிடும் நம் வழக்கம் இங்கே பெருந்தடையாகின்றது. 9ஆம் தரத்திலிருந்தே அவ்வட்டைகளை ஒரு கோப்பில் இட்டு வைப்பது செலவற்ற காரியம்.

ஆங்கிலத் தகுதியை ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ரோஃபல் பரீட்சையாற் காட்டுமாறு பல பல்கலைக்கழகங்கள் கேட்கும். எஸ்.ஏ.ரி. பரீட்சையைத் தகுதி நிலையம் 2023 முதற் கட்டாயமாகக் கொள்வதில்லை. ஆயினும் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும் பரிசிலுக்கும் அதனை வேண்டலாம். நல்ல கல்விப் பெறுபேறுடைய மாணவனைப் பயிற்றுநர் விரும்புவதற்குக் காரணமும் உண்டு. கல்விக்கெனத் தனியே உதவி பெறவல்லவனாயின், அவர் தம் அணிக்குரிய பரிசிலைச் சிறிதளவே செலவிட்டு அவனைச் சேர்க்கலாம். வெள்ளவத்தையில் மாலைதோறும் ரியூசன் வகுப்புக்கு ஓடும் மாணவன், அதற்காக மைதானத்தை முற்றாகத் துறத்தலும் வேண்டா. மைதானத்துக்காக வகுப்பைத் துறத்தலும் வேண்டா.

அளவும் சான்றும்

இனி மடலுக்கு உயிராகிய செய்தியைக் கூறுவாம். நம் போட்டிகளில் வழங்கும் சான்றிதழ்கள் பல, மாணவன் பெற்ற இடத்தைக் கூறும். அவன் எய்திய அளவைக் கூறா. வலய மட்டத்தில் முதலாமிடம் என்பதைக் கொண்டு கடல் கடந்த பயிற்றுநர் ஒன்றும் அறியார். எத்தனை செக்கன், எத்தனை மீற்றர் என்பதே அவர் கேட்பது. ஆதலின் ஒவ்வொரு போட்டி முடிந்த அன்றே, நாள், இடம், போட்டியின் பெயர், நிகழ்ச்சி, அளவு, காற்றின் வேகம் ஆகியவற்றை மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதி, உடற்கல்வி ஆசிரியரின் ஒப்பம் பெறல் வேண்டும்.

ஓட்டக்காரன் இங்கே ஒரு நுட்பம் அறிதல் வேண்டும். கைக்கடிகையால் எடுத்த நேரம் மின்கருவியால் எடுத்த நேரத்தினும் குறைந்து காட்டும். 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களுக்குக் கைக்கடிகை நேரத்தோடு 0.24 செக்கனையும், 400 மீற்றருக்கு 0.14 செக்கனையும் கூட்டி ஒப்பிடுதல் மரபு. இல்ல விளையாட்டுப் போட்டியில் 10.9 செக்கனில் ஓடியவன், மின்கருவிக் கணக்கில் 11.14 செக்கனில் ஓடியவனே. 10.9 என்று மட்டும் எழுதி, எக்கருவியென்று எழுதாது விடுவானாயின், பயிற்றுநர் அதனை நம்பார். நம்பிப் பின்னர் ஏமாறின் அதனினும் தீது. 100 மீற்றர், 200 மீற்றர் ஓட்டங்களுக்கும் நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் ஆகியவற்றுக்கும் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேற்படின் அவ்வளவு சாதனையாகக் கொள்ளப்படாது. ஆகவே சேர் ஜோன் ராபற் போட்டி, அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா முதலிய பெரும் போட்டிகளிற் பெற்ற அளவுகளையே முதன்மையாகக் காட்டுக. கொட்டாஞ்சேனைக்கு அணித்தான சுகததாச அரங்கு போன்ற இடங்களில் மின்கருவியால் அளந்தவை அவற்றுட் சிறந்தன.

உதைபந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் முதலிய குழு விளையாட்டுகளில் அளவு இல்லாமையின் காணொளியே சான்று. மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை போதும். முதல் அரை நிமிடத்திலேயே சிறந்த ஆட்டம் வருதல் வேண்டும். ஆடுவோருள் தான் யாரென்று ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்படி அடையாளம் இடுக. பாட்டுச் சேர்த்தலும் பெயரை மின்ன விடுதலும் வேண்டா. முழு ஆட்டமொன்றின் காணொளியையும் வேறாக வைத்திருக்க, கேட்டால் அனுப்பலாம். ஓடுவோனும் பாய்வோனும் ஒரு முழு முயற்சியைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து அனுப்புதல் நன்று.

யாருக்கு எழுதுவது?

நூறு பேருக்கு ஒரே மடலை ஒருங்கே அனுப்புவோர் உளர். அவ்வகை மடல் படிக்கப்படாமலே நீக்கப்படும். முதலில், தான் பயில விரும்பும் பாடம் உள்ள பல்கலைக்கழகங்களைத் தெரிந்தெடுக்க. பின்னர், அவற்றின் அணிகள் சென்ற ஆண்டு பங்குபற்றிய போட்டிகளின் பெறுபேறுகளை இணையத்திற் பார்க்க. தன் அளவு அங்கே எத்தனையாமிடத்துக்கு நிற்கும் என்று ஒப்பிடுக. கடைசியிடத்துக்கும் எட்டாவிடின் வேறிடம் நோக்குக. இவ்வாறு ஆராய்ந்து இருபது முப்பது இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். உயர்ந்த இடம் சில, ஒத்த இடம் பல, எளிய இடம் சில என அவை அமைதல் நன்று.

பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பகுதி இணையத்தளத்திற் பயிற்றுநர் அனைவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உள. தலைமைப் பயிற்றுநருக்கு மட்டும் எழுதாது, தன் நிகழ்ச்சிக்குப் பொறுப்பான உதவிப் பயிற்றுநருக்கும் எழுதுக. பாய்வோன் பாய்ச்சற் பயிற்றுநருக்கு எழுதுதலே முறை. பெயரை எழுத்துப் பிழையின்றி எழுதுக. தன் பெயரைப் பிழையாக எழுதியவனை யார்தாம் விரும்புவர்?

மடலை மாணவனே எழுதல் வேண்டும். தந்தை எழுதிய மடலையும் மாமன் எழுதிய மடலையும் பயிற்றுநர் எளிதில் இனங்கண்டுகொள்வர். அவர் அறிய விரும்புவது வீட்டைவிட்டு எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் வந்து தனித்து வாழவல்லவனா இவன் என்பதையே. தன் மடலைத் தானே எழுத மாட்டாதவன் அதற்கு மாறான விடையை முன்னரே அளித்துவிடுகிறான். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இரண்டொன்று இருப்பினும் குற்றமில்லை. பிறர் குரலில் எழுதுதலே குற்றம்.

மாதிரி மடல்

மடல் ஆங்கிலத்திற் செல்லவேண்டியதாயினும், அதன் அமைப்பை மாணவர் முதலிற் றமிழில் உணர்தல் எளிதாதலின், இங்கே தமிழில் தருகின்றோம். மின்னஞ்சலின் தலைப்பிலேயே சேரக்கூடிய ஆண்டு, நிகழ்ச்சி, சிறந்த அளவு, நாடு ஆகிய நான்கும் வருதல் வேண்டும்.

“மதிப்புக்குரிய பயிற்றுநர் இன்னார் அவர்கட்கு,

நான் இலங்கைக் கொழும்பு நகரில் 12ஆம் தரத்திற் கணிதப் பிரிவிற் பயிலும் மாணவன். வயது 17. எனது நிகழ்ச்சி முப்பாய்ச்சல். எனது சிறந்த பாய்ச்சல் இத்தனை மீற்றர். இன்ன நாள், இன்ன அரங்கில், இன்ன போட்டியிற் பாய்ந்தது. காற்றின் வேகம் இத்தனை. ஓராண்டுக்கு முன் எனது அளவு இத்தனை.

சாதாரண தரப் பரீட்சையிற் பெற்ற பெறுபேறுகளை இணைத்துள்ளேன். உயர்தரப் பரீட்சையை இன்ன ஆண்டு எழுதுவேன். தங்கள் பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியற் கல்வியை விரும்புகிறேன். சென்ற ஆண்டு தங்கள் அணியின் முப்பாய்ச்சல் வீரர் இருவர் இறுதியாண்டில் இருந்தமையை அறிந்து, அவ்விடத்துக்கு என்னைக் கருதுவீர்களா என அறிய விரும்புகிறேன்.

எனது காணொளியின் இணைப்பு இது. எனது ஆசிரியரின் முகவரி இது. தங்கள் அணியிற் சேர எத்தகைய அளவை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தெரிவிப்பின் நன்றியுடையேன்.”

இவ்வளவே. மாணவர் உற்றுநோக்க வேண்டுவது இதன்கண் உள்ள மூன்று செய்திகளை. ஓராண்டுக்கு முந்திய அளவைக் கூறியமையால் அவன் வளரும் வீரன் என்பது தெரிகின்றது. அணியில் யார் விலகுகின்றனர் என்பதைக் கூறியமையால் அவன் ஆராய்ந்து எழுதினான் என்பது தெரிகின்றது. ஈற்றில் ஒரு வினாவைக் கேட்டமையால் விடை எழுத வழி பிறக்கின்றது. சீட்டுக்கவியில் உயர்வு நவிற்சி அழகு. இம்மடலில் அது நஞ்சு. தன்மை நவிற்சியே இதற்கு அணி. ‘ஆசியாவின் எதிர்கால நட்சத்திரம்’ என்பது போன்ற தொடர்களை எழுதிக்கொண்டு வரும் மாணவரிடம், அதனை நீக்கி ஓர் எண்ணை எழுதுக என்றே நாம் கூறுவது.

விடைக்கு முன்னும் பின்னும்

ஒரு மடலுக்கு உடனே விடை வாராமை இயல்பு. இரண்டு மூன்று வாரம் பொறுத்து, புதிய செய்தியொன்றோடு மீண்டும் எழுதுக. அளவு உயர்ந்தது, பரீட்சைப் பெறுபேறு வந்தது, புதிய காணொளி உள்ளது என ஏதேனும் ஒன்று இருத்தல் வேண்டும். ‘என் மடல் கிடைத்ததா?’ என்று மட்டும் கேட்டல் பயனற்றது. இடமில்லையென்று ஒருவர் எழுதின், அவர்க்கு நன்றி கூறி இரண்டு வரி எழுதுக. பயிற்றுநர்கள் பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் மாறுவோர். இன்று மறுத்தவர் நாளை வேறிடத்திலிருந்து அழைக்கவும் கூடும்.

அழைப்பு வந்தபின் கேட்க வேண்டுவன சில உள. பரிசில் முழுமையானதா, ஒரு பகுதியா? கல்விக் கட்டணம், உறைவிடம், உணவு, நூல், காப்புறுதி ஆகியவற்றுள் எவை அடங்கும்? எத்தனை ஆண்டுக்கு? காயமுற்றால் என்னாகும்? மெய்வல்லுநர் துறையிற் பகுதிப் பரிசிலே பெரும்பான்மை. எஞ்சிய தொகை குடும்பத்தாற் றாங்கத்தக்கதா என்பதை ரூபாவிற் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். 2025 முதல், புதிய ஏற்பாட்டை ஏற்ற முதற் பிரிவுப் பல்கலைக்கழகங்களிற் பரிசில் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு நீங்கி, அணியின் ஆளெண்ணிக்கைக்கே வரம்பு வந்துள்ளது. பரிசில் கூடக்கூடும், அணியில் இடமோ அரிதாயிற்று. வாய்மொழியாகக் கூறியதை நம்பி உள்ளூர் வாய்ப்பைக் கைவிடல் ஆகாது. எழுத்தில் வந்ததே உறுதி.

இடைத்தரகரைப் பற்றியும் ஒன்று கூறுதல் எம் கடமை. ‘பரிசில் பெற்றுத் தருவோம், அதிற் பங்கு தருக’ என்போரிடம் கையொப்பமிட்ட மாணவன், பணத்தோடு ஆடும் தகுதியையும் இழக்கக்கூடும். பரிசிலின் அளவைக் கொண்டு கூலி பெறுவோரை அமெரிக்கச் சங்கத்தின் விதி ஏற்பதில்லை. பயிற்றுநரின் முகவரி யாவரும் காண வெளிப்படையாக இருக்கின்றது. மடல் எழுதக் காசு வேண்டுவதில்லை. தாயின் நகையை அடகு வைத்துத் தரகருக்குக் கொடுக்கும் குடும்பங்கட்கு இவ்வொரு செய்தி சென்று சேருமாயின், இக்கட்டுரை எழுதிய பயன் எய்திற்று எனக் கொள்வோம்.

உள்ளூர் வழி

கடல் கடத்தல் ஒன்றே வழியென்று யாரும் எண்ணற்க. விளையாட்டில் தேசிய, சர்வதேச மட்டங்களிற் சிறந்தோரை, உயர்தரப் பரீட்சையில் ஆகக் குறைந்த தகைமை பெற்றிருப்பின், சிறப்பு ஏற்பாட்டின்கீழ்ச் சேர்த்துக்கொள்ளும் வழியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்துள்ளது. அதற்கும் சான்றே முதல். சப்ரகமுவாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பட்டப்படிப்பாக உள்ளன. வெளிநாட்டு மடலுக்கெனத் தொகுத்த கோப்பு இவ்வழிக்கும் அப்படியே உதவும். ஆகவே மடல் விடையின்றிப் போயினும் உழைப்பு வீண்போவதில்லை.

பழைய மாணவர் கடன்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீள்வோன், வழியில் எதிர்ப்பட்ட வறியோனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தான் கண்ட வள்ளலையும் கூறி அவனை ஆங்கே செலுத்துதல் அதன் இலக்கணம். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லுதல் தமிழரின் பழைய அறம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் கலிபோர்னியாவிலும் வாழும் நம் பழைய மாணவர் பலர், அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் றாம் கற்றோர். அன்றித் தம் மக்களைக் கற்பிப்போர். அவர்களிடம் நாம் வேண்டுவது நன்கொடையன்று. மூன்று சிறு பணிகளே.

முதலாவது, கல்லூரியில் விளையாட்டு அளவுப் பதிவேடொன்றை ஆண்டுதோறும் பேணுவதற்கு உடற்கல்விப் பகுதிக்குத் துணையாதல். முதலாமிடம், இரண்டாமிடம் என்று மட்டுமன்றி, அளவோடும் கருவியோடும் அதில் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, ஆண்டில் இரண்டொரு மாணவரின் மடலைப் படித்துக் கருத்துரைத்தல். திருத்தி எழுதிக் கொடுத்தல் வேண்டா. எங்கே மயக்கம் உளதென்று சுட்டினாற் போதும். மூன்றாவது, தாம் வாழும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தைப் பற்றி மாணவன் கேட்கும் வினாக்கட்கு உண்மை விடை பகர்தல். குளிர் எத்தகையது, வாடகை எவ்வளவு, மரக்கறி உணவு கிடைக்குமா என்பன பயிற்றுநரிடம் கேட்கக் கூசும் வினாக்கள். அண்ணன் முறையினரிடம் கேட்கலாம்.

ஒரு கல்லூரியிலிருந்து செல்லும் முதன்மடல் மெய்யானதாயின், அக்கல்லூரியின் பெயர் அப்பயிற்றுநரின் நினைவில் நிற்கும். அடுத்த மடலை அவர் திறந்து படிப்பார். முதன்மடல் பொய்யானதாயின், பின்வரும் தம்பியர் எத்தனை பேருக்கோ அக்கதவு அடைபடும். ஆதலின் மாணவனொருவன் எழுதும் எண் அவன் எண் மட்டுமன்று. அது கல்லூரியின் வாக்கு. அவ்வாக்கைக் காப்பதில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒத்த பங்கு உண்டு. மைதானத்தில் இன்று மாலை பாயும் சிறுவனின் அளவை இன்று மாலையே எழுதி வைப்போமாக.